நம்பரை விட்டுவிட்டுக் கிழித்த நான்கு டயர்கள்

என் பெயரும் தகப்பனார் பெயரும் வீட்டு முகவரியும் இந்தத் தாளின் தலைப்பில் எழுத்தரால் எழுதப்பட்டுள்ளன. அவை சரி. எனக்கு வயது நாற்பத்து நான்கு. நான்காம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். வண்டிகளுக்கு சீட்டு உறையும் ஜீப்புகளுக்குக் கித்தான் கூரையும் தைப்பது என் தொழில். தெருவில் என்னைக் கூரைக்காரி என்று கூப்பிடுவார்கள். என் ஒரே மகள் திருமணமாகி வேறு ஊரில் இருக்கிறாள். என் கணவர் இறந்து ஐந்து மாதமும் ஒன்பது நாளும் ஆகின்றன. தையல் மெஷின் போட்டிருக்கும் முன்னறையும் ஒரு சமையலறையும் உள்ள வாடகை வீட்டில் தனியாகக் குடியிருந்து வருகிறேன்.

இன்று காலை பத்து மணி பத்து நிமிடத்தில் தொடங்கி, என் கூடப்பிறந்த அண்ணனுடைய பட்டறை வாசலில், அவர் ஓட்டும் ஜீப்பில் மாட்டியிருந்த நான்கு பெரிய டயர்களையும் நான்தான் கிழித்தேன். என்னை யாரும் தூண்டவில்லை. நான் துக்கத்தில் புத்தி தடுமாறிச் செய்துவிட்டதாக அண்ணன் தன் புகாரில் எழுதியிருப்பதை ஆய்வாளர் படித்துக் காட்டினார். அதை நான் மறுக்கிறேன். என் புத்தி சரியாக இருக்கிறது. ஏன் கிழித்தேன் என்பதை முதலிலிருந்து சொன்னால்தான் விளங்கும் என்றேன். ஆய்வாளர், "சுருக்கமா சொல்லும்மா" என்றார். ஐந்து மாதமாகச் சுருக்கமாகத்தான் சொல்லிப் பார்த்தேன், யாரும் எழுதவில்லை என்றேன். அதன் பிறகு எழுத்தர் புதுத் தாள் எடுத்தார்.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவர். அவருக்கு ஒரு பட்டறையும் இரண்டு பழைய ஜீப்புகளும் சொந்தம். ஒன்றைப் பெரிய வண்டி என்றும் மற்றதைச் சின்ன வண்டி என்றும் சொல்வோம். மலை உச்சியில் இருக்கும் பார்வை மேடைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், பார்த்து முடித்ததும் இறக்கிக்கொண்டு வருவது தொழில். தார் போடாத பாதை, மொத்தம் பதினான்கு வளைவு. என் கணவர் அந்தப் பட்டறையில் பத்தொன்பது வருடம் மெக்கானிக்காக இருந்தார். பெரிய வண்டியை ஓட்டியவரும் அவரே.

என் கணவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த வண்டிக்கு டயர் மாற்றினாலும், மாற்றிய கையோடு சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்து முன் டயர்களின் ஓரம் முழுக்கப் பூசுவார். அதன் பிறகு ஒரு முன் சக்கரத்தை மரக்கட்டை மேல் ஏற்றி நிறுத்துவார். அதன் பிறகு பட்டறையில் இருப்பவர்களை எல்லாம் வண்டிக்குள் உட்கார வைப்பார். பாரம் இருந்தால்தான் ஸ்பிரிங் அமுங்கும், ஸ்பிரிங் அமுங்கினால்தான் டயர் எதில் இடிக்கும் என்று தெரியும். ஓட்டுகிறவர் இடத்தில் என்னைத்தான் உட்கார வைப்பார். அவர் அடியில் படுத்துக்கொண்டு, "திருப்பு, இன்னும் திருப்பு, கடைசி வரைக்கும்" என்பார். நான் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்புவேன். மட்கார்டிலோ சட்டத்திலோ பிரேக் குழாயிலோ வெள்ளை ஒட்டியிருந்தால், டயர் அந்த இடத்தைத் தொடுகிறது என்று அர்த்தம். ஒருமுறை பட்டறை வெல்டர், ஆளுக்குப் பதில் மணல் மூட்டை ஏற்றலாமே என்று கேட்டதற்கு என் கணவர், "வீட்டுலேயே இவ்வளவு பாரம் இருக்கும்போது மூட்டைக்கு எங்க போறது" என்றார். அன்று நான் அவருக்குச் சாப்பாடு எடுத்து வைக்கவில்லை. அவரே எடுத்துப் போட்டுக்கொண்டு, எனக்கும் போட்டு வைத்தார்.

சென்ற சீசன் தொடங்குவதற்கு முன்னால் அண்ணன் நான்கு பெரிய டயர்கள் வாங்கிக்கொண்டு வந்தார். அந்த ஜீப்புக்கு உரிய அளவைவிட ஒரு சாண் உயரம் கூடுதல். எதிர்ப்பக்கத்து வண்டிக்காரர் ஒருவர் அதே மாதிரி டயர் போட்டு, ஆட்கள் அந்த வண்டியோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் காரணம். டயர் கடைக்காரரே கூட வந்து இறக்கினார். ஒவ்வொரு டயரின் பக்கவாட்டிலும் இருந்த நம்பரைப் படித்து, வாரன்டி அட்டையில் எழுதி, அண்ணனிடம் கையெழுத்து வாங்கினார். நான் கூரை அளவெடுக்க டேப்போடு அங்கே நின்றிருந்தேன். அண்ணன் டயர் மேல் கையை வைத்துக்கொண்டு என் கணவரிடம், "பாரு மாப்பிள்ளை, இனிமே அவன் வண்டியெல்லாம் நம்ம முன்னாடி தள்ளுவண்டி" என்றார். என் கணவர் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "டயர் நல்ல டயர்தான் மச்சான். வண்டிதான் அப்பன் செருப்பை மாட்டிக்கிட்ட குழந்தை மாதிரி இருக்கு" என்றார். வெல்டர் சிரித்தார். அண்ணன் சிரிக்கவில்லை.

அதன் பிறகு என் கணவர், இந்த டயர் போட வேண்டுமென்றால் மட்கார்டை வெட்ட வேண்டும், ஸ்பிரிங்கைத் தொங்கவிட்டிருக்கும் இரும்பை மாற்றி வண்டியை உயர்த்த வேண்டும், சக்கரம் அளவுக்கு மேல் திரும்பாதபடி தடுக்கிற போல்ட்டை நீட்டி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் முழுசாகத் திருப்பும்போது டயர் பிரேக் குழாயைத் தேய்க்கும் என்று சொன்னார். அந்த ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் எண்ணெய் ஒரே வழியில் போகிறது, ஒரு குழாய் அறுந்தால் நான்கும் போய்விடும் என்றும் சொன்னார். இவை எல்லாவற்றையும் நான் காதால் கேட்டேன். அண்ணன், "மட்கார்டை வெட்டு, டயரை மாட்டு. மத்த வைத்தியம் எல்லாம் சீசன் முடிஞ்சு பாத்துக்கலாம்" என்றார். அதன் பிறகு வெல்டர் மட்கார்டை வெட்டினார். என் கணவர் டயரை மாட்டினார்.

இந்த இடத்தில் என் பங்கையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். எழுத்தர், "அதெல்லாம் எதுக்கும்மா" என்றார். எழுதுங்கள் என்றேன். வண்டியின் சீட்டுகள் அன்றைக்கு என் வீட்டில் இருந்தன. சீசனுக்காகப் புது உறை தைக்கக் கொடுத்திருந்தார்கள். மாலையில் தருவதாகச் சொல்லியிருந்தேன். நான் கொஞ்சம் கூடுதலாக அழகு பார்க்கிறவள். ஓரத்தில் இரட்டைத் தையல் போடலாம் என்று ஆசைப்பட்டதில் வேலை இழுத்துக்கொண்டது. சீட்டு இல்லாத வண்டிக்குள் யாரையும் உட்கார வைக்க முடியாமல் என் கணவர் காலி வண்டியிலேயே சாக்பீஸ் பூசித் திருப்பிப் பார்த்திருக்கிறார். எங்கேயும் வெள்ளை ஒட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும், "காலி வண்டியில ஒட்டாது. காலையில சீட்டு வந்ததும் ஆளை ஏத்திப் பாத்துடணும்" என்று என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை ஏழரை மணிக்கு நான் சீட்டுகளைத் தள்ளுவண்டியில் வைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வாசலில் எட்டுப் பேர் மலைக்குப் போகக் காத்திருந்தார்கள். அண்ணன் சீட்டுகளை என் கையிலிருந்து வாங்கி, தானே வண்டியில் பொருத்தினார். என் கணவர் மரக்கட்டையை உருட்டிக்கொண்டு வந்தார். "ஒரு மணி நேரம் கொடுங்க மச்சான்" என்று கேட்டார். அண்ணன் அந்த எட்டுப் பேர் காதிலும் விழும்படி, "பொண்டாட்டிய வண்டியில உட்கார வெச்சு விளையாடுற நேரமாடா இது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதன் பிறகு என் கணவர் கட்டையைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு வண்டியை எடுத்தார்.

அன்றிலிருந்து பதினோரு நாள் அந்த வண்டி ஓடியது. ஒரு நாளைக்கு நான்கு நடை, ஐந்து நடை. ஆறாம் நாள் வளைவில் திரும்பும்போது உரசுகிற சத்தம் கேட்பதாக என் கணவர் வெல்டரிடம் சொல்லியிருக்கிறார். ஒன்பதாம் நாள் என்னிடம் சொன்னார். ஓட்டாதீர்கள் என்றேன். "உங்கண்ணன்கிட்ட யார் சொல்றது? நான் சொல்லி ஓஞ்சு போயிட்டேன். நீ சொல்லிப் பாரு" என்றார். அதன் பிறகு நான் அன்று மாலையே அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வாசலில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் விவரம் சொன்னேன். அண்ணன், "நீ கூரையைத் தை பாப்பா. சக்கரத்தை நான் பாத்துக்கறேன்" என்றார். அண்ணி தலை நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அண்ணியை விசாரித்தால் இதைச் சொல்வாரா என்று எனக்குத் தெரியாது. விசாரியுங்கள்.

பதினோராம் நாள், மதியம், என் கணவர் மேலே ஆட்களை இறக்கிவிட்டுக் காலி வண்டியாக வந்தபோது ஏழாம் வளைவில் பிரேக் பிடிக்காமல் வண்டி கீழே போய்விட்டது. பின்னால் வந்த லாரிக்காரர் பார்த்தார். பிரேக் விளக்கு எரிந்து எரிந்து அணைந்ததாகவும், என் கணவர் வண்டியை மலைப் பக்கச் சுவரில் மோதி நிறுத்தப் பார்த்ததாகவும், டயர் உயரமாக இருந்ததால் வண்டி சுவரில் ஏறிப் புரண்டதாகவும் லாரிக்காரர் சொல்லியிருக்கிறார்.

ஒரு மணிக்கு அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். நான் மெஷினில் இருந்தேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, "வண்டி போச்சு பாப்பா" என்றார். நான், அவர் எங்கே என்று கேட்டேன். "அவனும்தான்" என்றார். இதை இந்த வரிசையில்தான் சொன்னார். முதலில் வண்டி, அதன் பிறகு அவர். இந்த வரிசை மாறாமல் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

அடக்கத்தன்று அண்ணன் அழுதார். அந்த அழுகை பொய் என்று நான் சொல்லவில்லை. என் மகளைப் பிடித்துக்கொண்டுதான் அழுதார். அதற்கு மறுநாள் இதே நிலையத்தில், இதே மேசையில், டயர் மாட்டிய வாரம் தான் ஊரிலேயே இல்லை என்றும், தங்கை கணவன் தனக்குத் தெரியாமல் எங்கிருந்தோ பெரிய டயர்களைத் தானே வாங்கி வண்டியில் மாட்டிவிட்டான் என்றும், விபத்துக்கு அவன் செய்த மாற்றமே காரணம் என்றும் எழுதிக் கொடுத்தார். வண்டியைச் சோதித்த அதிகாரி தன் அறிக்கையில், முன் இடது பிரேக் குழாய் டயர் உரசித் தேய்ந்து அறுந்திருக்கிறது என்று எழுதியிருந்தார். டயரின் அளவையும் நான்கு நம்பரையும் எழுதியிருந்தார். யார் மாட்டச் சொன்னது என்று எழுத அவருக்குத் தெரியாது. அதன் பிறகு இறந்தவர் மேலேயே தவறு என்று கோப்பை முடித்துவிட்டார்கள்.

நான் மூன்று முறை மனு எடுத்துக்கொண்டு இங்கே வந்தேன். முதல் முறை, ஆய்வாளர் இல்லை, நாளைக்கு வா என்றார்கள். இரண்டாம் முறை, முடிந்த கோப்பைத் திறக்க முடியாது என்றார்கள். மூன்றாம் முறை இப்போது இதை எழுதிக்கொண்டிருக்கும் இதே எழுத்தர்தான், "யார் டயர்னு உன்னால காட்ட முடியுமா? வாய் வார்த்தையை வெச்சு உங்கண்ணன் மேலயே கேஸ் போடச் சொல்றியே, கூடப்பிறந்தவர்ம்மா" என்றார். அவர் இப்போது இதை எழுத யோசித்தார். ஆய்வாளர் எழுதச் சொன்னார்.

அதன் பிறகு வெல்டரிடம் போனேன். அவர் கண்ணாடி முகமூடியை ஏற்றிவிட்டு, "எனக்கும் குடும்பம் இருக்குக்கா" என்றார். முகமூடியை இறக்கிக்கொண்டார். அதன் பிறகு டயர் கடைக்காரரிடம் போனேன். அவர், "எழுதின அட்டை உங்க அண்ணன்கிட்ட இருக்கு. அவரே எடுத்துக் காட்டினா நான் என் எழுத்துதான்னு சொல்றேன். அவரா காட்டாம நானா போய் வாடிக்கைக்காரருக்கு எதிரா நிக்க மாட்டேம்மா" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. ஒரு விஷயத்தை அவர்தான் சொல்லிக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளலாம். அட்டையை அண்ணனாகவே எடுத்துக் காட்ட வேண்டும்.

பெரிய வண்டி நசுங்கிப் போனாலும் டயர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. என் கணவர் இறந்த எட்டாம் நாள் அண்ணன் அவற்றைக் கழற்றிக் கழுவி, சின்ன வண்டியில் மாட்டினார். அந்த வண்டியை இப்போது அவரேதான் ஓட்டுகிறார். மாட்டுவதற்கு முன்னால் ஸ்பிரிங் இரும்பை மாற்றி வண்டியை உயர்த்தினார். தடுப்பு போல்ட்டை நீட்டி வைத்தார். பிரேக் குழாயைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டினார். நான் ஒரு நாள் கூரை அளவெடுக்கிற சாக்கில் குனிந்து பார்த்தேன். என் கணவர் கேட்ட வேலை எல்லாம் அந்த வண்டியில் செய்திருந்தது. முன் டயரின் ஓரத்தில் சாக்பீஸ் பூசிய தடம் கூட இருந்தது. தன் உயிர் என்றதும் அண்ணனுக்கு ஒரு மணி நேரம் கிடைத்திருக்கிறது.

அன்றைக்கு என் கையில் ரெக்சின் வெட்டும் கத்தி இருந்தது. குழாய் என் கண்ணுக்கு எதிரே இருந்தது. அதை இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் போனால் என்ன என்று நான் நினைத்தேன். நினைத்ததற்குத் தண்டனை உண்டென்றால் எழுதிக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்யவில்லை. அவர் செத்துப் போனால் எனக்கு என்ன லாபம்? செத்துப் போனவர் மேல் எதை வேண்டுமானாலும் எழுதலாம், அவர் மறுத்துப் பேச வரமாட்டார், அதுதான் என் கணவருக்கு நடந்தது. அண்ணன் நூறு வயது இருக்க வேண்டும். இருந்து, கேட்கிறவர்களுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டும். இதுதான் நான் வேண்டியது.

அண்ணனை எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அவர் பொருளைத் தொட்டால் அவருக்குக் கண் தெரியாது. சின்ன வயதில் அவருடைய சைக்கிளின் மணியை நான் கழற்றி விளையாடினேன் என்பதற்காக, அப்பா வேலை செய்த இடத்துக்கே போய், அங்கே நாலு பேர் முன்னால் மணி வாங்கிய கடைச் சீட்டைக் காட்டி, "இது என்னோடது, அவளோடது இல்ல" என்று நின்றவர். அப்பா அவரையும் அடித்து என்னையும் அடித்தார். நான் இதை வைத்துத்தான் யோசித்தேன்.

இன்று காலை வேலை நடக்கிற நேரமாகப் பார்த்துப் பட்டறைக்குப் போனேன். மறைந்து செய்தால் யார் செய்தது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். முதலில் வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றி நான்கு டயரிலும் காற்றை இறக்கினேன். காற்றோடு கிழித்தால் கை போய்விடும் என்பது மெக்கானிக் பெண்டாட்டிக்குத் தெரியும். சத்தம் கேட்டு வெல்டர் வந்து, "அக்கா, என்ன பண்றீங்க" என்று கேட்டார். "கண்ணு தெரியலையா? டயர் கிழிக்கிறேன்" என்றேன். "முதலாளிக்குத் தெரிஞ்சா" என்றார். "தெரியட்டும்னுதான் கிழிக்கிறேன். போய்ச் சொல்லு, ஓடு" என்றேன். அவர் ஓடவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அதன் பிறகு, "அந்தக் கத்தி பக்கவாட்டுக்குப் பத்தாதுக்கா, நுனியை நனைச்சுக்குங்க" என்றார். அதன் பிறகுதான் போனார். தண்ணீர் தொட்டுக்கொண்டு கிழித்தேன். ரெக்சின் மாதிரி இல்லை, உள்ளே நூல் மூன்று அடுக்கு. ஒரு டயருக்குப் பத்து நிமிடம் பிடித்தது. நான்காவதை முடிக்கும்போது தோள் எழவில்லை.

நம்பர் இருக்கும் இடத்தை மட்டும் கிழிக்காமல் ஏன் விட்டேன் என்று ஆய்வாளர் கேட்டார். நான்கு டயரிலும் நம்பரைச் சுற்றி நீல சாக்பீஸால் வட்டம் போட்டு, அந்த வட்டத்துக்குள் கத்தி போகாமல் பார்த்துக்கொண்டேன் என்பது சரி. பிற்பாடு இது வேறு டயர், அது வேறு டயர் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக விட்டேன்.

அண்ணன் வந்தார். கெட்ட வார்த்தைகள் பேசினார், அவை இங்கே தேவையில்லை. நான் கத்தியைத் துடைத்து வண்டியின் பானெட் மேல் வைத்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். அவரே போன் செய்து காவல் துறையை வரவழைத்தார். ஆய்வாளரும் இரண்டு காவலர்களும் வந்தார்கள். ஆய்வாளர் என்னிடம், அடுத்தவர் சொத்தை ஏன் சேதப்படுத்தினாய் என்று கேட்டார். நான், "அடுத்தவங்க சொத்து இல்லீங்க. இது எங்க வீட்டுக்காரர் வாங்கின டயர். எங்கண்ணனே உங்க நிலையத்துல கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்திருக்கார். அவர் போனப்புறம் அது என் டயர். என் டயரை நான் கிழிச்சேன்" என்றேன்.

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. "உன் புருஷன் வாங்கினானா? இந்த டயரையா? அவன் ஏழு ஜென்மம் எடுத்தாலும் வாங்குவானாடி? நான் வாங்கினது. என் பேர்ல அட்டை இருக்கு" என்றார். நான், "அட்டையா, எந்த அட்டை? வாய்ல இருக்கிற அட்டையா" என்று கேட்டேன். அண்ணி உள்ளேயிருந்து, "ஏங்க, விடுங்க, உள்ள வாங்க" என்றார். அவருக்குப் புரிந்துவிட்டது. அண்ணனுக்குக் காது கேட்கவில்லை. ஆபீஸ் அறைக்குள் போய், இழுப்பறையைத் தரையில் கவிழ்த்து, வாரன்டி அட்டையை எடுத்துக்கொண்டு வந்து எல்லோர் முன்னாலும் ஆய்வாளர் கையில் கொடுத்தார். "படிங்க சார், நம்பரைப் பாத்துப் படிங்க" என்றார்.

ஆய்வாளர் படித்தார். நான்கு நம்பரையும் வட்டத்துக்குள் பார்த்துச் சரிபார்த்தார். அதன் பிறகு நான் என் பையிலிருந்து, வாரிசு என்று எனக்குக் கொடுக்கப்பட்ட விபத்து ஆய்வு அறிக்கையின் நகலை எடுத்து நீட்டினேன். அதே நான்கு நம்பர். அட்டையில் இருக்கும் தேதி என் கணவர் இறப்பதற்குப் பதினோரு நாள் முன்னால். வாங்கியவர் என்ற இடத்தில் அண்ணன் பெயர். கீழே அண்ணன் கையெழுத்து. ஊரிலேயே இல்லை என்று சொன்ன அதே வாரம். ஆய்வாளர் அண்ணனைப் பார்த்து, "அப்போ அன்னைக்கு எழுதிக் கொடுத்தது?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் அட்டையைத் திரும்பக் கேட்டுக் கையை நீட்டினார். ஆய்வாளர் கொடுக்கவில்லை. அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியபடி இருந்தது. நான் பார்த்தேன். ஐந்து மாதமும் ஒன்பது நாளும் நான் எதற்காகச் சாப்பிட்டு, எதற்காகத் தூங்கி எழுந்தேனோ, அதை நான் பார்த்தேன்.

அதன் பிறகு என்னை இங்கே அழைத்து வந்தார்கள். என் மேல் கை வைக்கவில்லை. தண்ணீர் கொடுத்தார்கள். அட்டையும் அறிக்கையும் கத்தியும் கைப்பற்றல் பட்டியலில் எழுதப்பட்டன.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது அண்ணன் வந்து ஆய்வாளரைப் பார்த்தார். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகச் சொன்னார். தங்கைமேல் கேஸ் வேண்டாம், குடும்ப விஷயம், பேசி முடித்துக்கொள்கிறோம் என்றார். என்னிடம் வந்து, மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, "பாப்பா, நமக்குன்னு யாரு இருக்கா, நீயும் நானும்தானே" என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. ஆய்வாளர் என்னிடம் சம்மதமா என்று கேட்டார். சம்மதம் இல்லை என்றேன். நான் கிழித்தது குற்றம். டயர் அவருடையது, நான் தெரிந்தே கிழித்தேன், அதற்கு என்ன தண்டனையோ அதைக் கொடுங்கள். என் கேஸை மூடினால் இந்த அட்டையும் இழுப்பறைக்குத் திரும்பிப் போய்விடும். என் கேஸ் நடக்க வேண்டும். நீதிமன்றத்தில் யார் டயர் என்று கேட்பார்கள். என் அண்ணன் கூண்டில் ஏறி, என்னுடைய டயர் என்று தன் வாயால் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால்தான் நான் சிறைக்குப் போக முடியும். சொல்லட்டும்.

ஜாமீனுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று எழுத்தர் கேட்டார். அண்ணன், "நான் போடறேன்" என்றார். அந்தக் கையெழுத்து எனக்கு வேண்டாம் என்றேன். மகளுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறது, அவள் வரும் வரை இங்கேயே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன் என்றேன். அண்ணன் வெளியே போனார். அவருக்கு வீட்டுக்குப் போக வண்டி இல்லை. நடந்து போனார்.

என் கணவர் தன் இஷ்டத்துக்கு டயர் மாட்டினார் என்று பழைய கோப்பில் இருக்கும் வரியைத் திருத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அவர் வேண்டாம் என்று சொன்னார், ஒரு மணி நேரம் கேட்டார், கிடைக்காமல் ஓட்டினார் என்று எழுத வேண்டும்.

எழுத்தர் இதை முழுவதும் எனக்குப் படித்துக் காட்டினார். கடைசிக்கு முந்தின பத்தியை மறுபடியும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். நான் சொன்னதில் எதுவும் விடுபடவில்லை, நான் சொல்லாதது எதுவும் சேரவில்லை. பயந்தோ பிறர் சொல்லியோ சொல்லவில்லை. கைநாட்டு வைத்தால் போதும் என்றார்கள். எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பேனாவை வாங்கி, என் பெயருக்கு முன்னால் என் கணவருடைய பெயரின் முதல் எழுத்தையும் சேர்த்துக் கீழே போட்டிருக்கிறேன்.

(கையெழுத்து)

என் முன்னிலையில் பதிவு செய்யப்பட்டது, மாலை நான்கு மணி இருபது நிமிடம்.
(ஆய்வாளர் கையெழுத்து)